எல்லாருக்கும் ‘மிதமான மன அழுத்தம்’ வந்த கதை

கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது நான் மற்றவர்களுடைய மன அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தேன். சம்பளத்துக்கு இல்லை. எம்.எஸ்சி. நர்சிங், மனநலப் பிரிவு, இரண்டாம் ஆண்டு. டெசர்டேஷனுக்காக, அதாவது ஆய்வேட்டுக்காக. அந்த ஆய்வு ஒருமுறை முழுசாகக் கெட்டு, திரும்ப எழுதி, ஆறு மாதம் தள்ளிப்போய் ஒருவழியாக முடிந்தது. கையை விட்டுப் போன பணம் 52,000 ரூபாய். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள் என்பதால் அந்த ஆறு மாதச் சம்பளமும் போனது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் அம்மா இன்னொரு தடவை அழுவாள். இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு ஜூனியர் பெண். போன மாதம் போன் பண்ணி, “அக்கா, ஸ்ட்ரெஸ் ஸ்கேல்தானே, கூகுள் ஃபார்ம் போட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்ல?” என்றாள். 2021 ஜனவரியில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் முதலில் எடுத்த தலைப்பு முதியோர் இல்லத்தில் இசை சிகிச்சை. சிரிக்காதீர்கள், வருடத்துக்கு நாலு பேராவது அதை எடுப்பார்கள். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் முதியோர் இல்லங்கள் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தின. அது சரிதான், நானே நிர்வாகியாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். திறப்பார்கள், திறப்பார்கள் என்று டிசம்பர் வரை காத்திருந்தேன். கடைசியில் கைடு மேடம், ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியை, “கொரோனா ஸ்ட்ரெஸ் எடு. இப்ப எடுக்காம எப்ப எடுப்ப?” என்றார். சீனாவில் 2020 ஜனவரி 31-ஆம் தேதியே ஷாங்காய் மனநல மையத்தார் ஆன்லைனில் கேள்வித்தாள் விட்டு 52,730 பேரிடம் பதில் வாங்கிவிட்டார்கள், மூன்றில் ஒருவருக்கு மேல் மன உளைச்சல் என்று கட்டுரையும் போட்டுவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் பிரின்ட் எடுத்து என் கையில் கொடுத்தார். ஐம்பதாயிரம் பேரை அவர்களால் எடுக்க முடியுமென்றால் நூற்றைம்பது நர்சுகளை என்னால் எடுக்க முடியாதா? புதுத் தலைப்புக்குப் புது சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்), ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திரும்ப 5,000 ரூபாய். முதல் செலவு.

அடுத்தது டூல். எங்கள் பாஷையில் டூல் என்றால் கேள்வித்தாள். நான் எடுத்தது பி.எஸ்.எஸ்.-10, மன அழுத்தத்தை அளப்பது. ஷெல்டன் கோஹன் என்கிற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1983-இல் வெளியிட்டது. முதலில் 14 கேள்வி, பிறகு 10 ஆகக் குறைத்தார்கள். கடந்த ஒரு மாதத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. அதோடு பி.எச்.க்யூ.-9 சேர்க்கச் சொன்னார் மேடம். அது மனச்சோர்வுக்கானது. 9 கேள்வி, 0 முதல் 3 வரை, மொத்தம் 27, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். எங்கள் சீனியர் குரூப்பில் ஒருவர் ‘தமிழ் டூல், ஸ்கோரிங் முறை, வேலிடிட்டி சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து 3,500’ என்று போட்டிருந்தார். அனுப்பிவிட்டேன். இரண்டு டூலும் படிப்புக்குப் பயன்படுத்த இலவசம், பி.எச்.க்யூ.-9-க்குத் தமிழ் வடிவமும் காசில்லாமலே கிடைக்கும் என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. காசு கொடுத்து எந்த ஸ்கேலையும் வாங்குவதற்கு முன்னால் அதை உருவாக்கியவர்களின் பக்கத்தைப் பத்து நிமிடம் தேடுங்கள். அப்புறம் வாங்கினால் வாங்குங்கள். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டி.ஏ.எஸ்.எஸ்.-21-ம் அப்படித்தான், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. வந்த தமிழைப் பார்த்தீர்களென்றால்! பி.எஸ்.எஸ்.-இல் எட்டாவது கேள்வி ‘ஆன் டாப் ஆஃப் திங்ஸ்’ என்று உணர்ந்தீர்களா என்று கேட்கும். எல்லாம் நம் கைக்குள் இருக்கிறது, சமாளித்துவிட்டோம் என்கிற அர்த்தம். விற்றவர் அதை இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார். ‘பொருட்களின் மேல் இருப்பதாக எத்தனை முறை உணர்ந்தீர்கள்?’ பைலட் ஸ்டடியில், அதாவது சிலரிடம் மட்டும் முன்கூட்டிக் கேட்டுப் பார்த்தபோது, ஒரு ஸ்டாஃப் நர்ஸ், “எந்தப் பொருள் மேல சிஸ்டர்?” என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் நான் அந்தத் தமிழை ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. சர்டிபிகேட் இருந்தது அல்லவா, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு தமிழாசிரியரிடம் 2,000 ரூபாய் கொடுத்துத் திருத்தினேன். அவர் சுத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தார், வார்டில் யாரும் பேசாத தமிழில். அப்போதுதான் பாடப்புத்தகத்தில் படித்து மறந்திருந்த விஷயம் ஞாபகம் வந்தது: ஒருவர் தமிழுக்கு மாற்ற வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் அத்தான் ஆங்கில வாத்தியார். நான் எழுதின தமிழைக் கொடுத்து, “இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றேன். நாலு கேள்வி எங்கேயோ போய் நின்றது. செலவு இரண்டு செட் பரோட்டா. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

இதில் இன்னொரு வம்பு ‘மன அழுத்தம்’ என்கிற சொல்லே. நம் செய்தித்தாள்களில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுதான், டிப்ரஷனுக்கும் அதுதான். பாடத்தில் டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்று தனியாக இருக்கிறது, ஆனால் வெளியே யார் அப்படிப் பேசுகிறார்கள்? என் ஃபார்மின் தலைப்பு ‘கோவிட் காலத்தில் செவிலியரின் மன அழுத்தம்’. தலைப்பைப் பார்த்ததுமே, தனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ. இரண்டு பேர் நேரிலேயே சொன்னார்கள். கஷ்டம் இல்லாதவர்களா என்றால் அப்படியும் இல்லை. ‘ராத்திரி பூரா முழிச்சே கெடக்கேன்’, ‘சோறு எறங்கல’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘மனசு ஒரு நெலையில இல்ல’ என்று அதே ஆட்கள் டீக்கடையில் சொல்வார்கள். அவர்களிடம் அந்தச் சொற்களில்தான் போக வேண்டும். தலைப்பில் ‘இந்த நாட்களில் எப்படி இருக்கிறீர்கள்’ என்று போட்டிருந்தால் போதும்.

ஃபார்மை 2021 ஏப்ரல் 20 அன்று விட்டேன். பதினோரு வாட்ஸ்அப் குரூப். ஜூன் நடுவில் மூடியபோது 143 பதில். அந்த இரண்டு மாதத்துக்குள் என்னவெல்லாம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். மே 10 முதல் தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று, அதுதான் உச்சம். மே 24 முதல் காய்கறிக் கடைகூட இல்லாத ஊரடங்கு. பி.எஸ்.எஸ். கேட்பது ‘கடந்த ஒரு மாதம்’. ஏப்ரல் 25-இல் பதில் போட்டவருடைய ஒரு மாதமும் ஜூன் 5-இல் போட்டவருடைய ஒரு மாதமும் ஒரே மாதமா? இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து ‘கொரோனா கால மன அழுத்தம்’ என்று எழுதினால் அது எந்தக் காலம்? நல்லவேளை, ஃபார்ம் தானாகவே தேதியைப் பதிந்துவைக்கிறது. காகிதத்தில் எடுப்பவர்கள் தேதி எழுதும் கட்டத்தை மறந்துவிடாதீர்கள். முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் வாங்கி முடியுங்கள், இழுத்தால் அலை மாறிவிடும்.

யார் பதில் போட்டார்கள் என்பது இன்னொரு தலைவலி. பிபிஇ கிட்டுக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுவிட்டு வரும் பெண் என் லிங்க்கைத் தொடுவாளா? குளித்துவிட்டு விழுந்து தூங்குவாள். போட்டவர்கள் கொஞ்சம் ஓய்வில் இருந்தவர்கள், அல்லது யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்கிற அளவுக்குப் போனவர்கள். நடுவில் இருந்த பெருங்கூட்டம் என் கணக்கிலேயே இல்லை. அப்புறம் பி.எச்.க்யூ.-9. தூக்கம், அசதி, பசி, கவனம், உடல் மந்தமாவது என்று அதில் ஐந்து கேள்வி உடம்பைத் தொட்டுப் போகும். கொரோனா வந்து மூன்று வாரம் ஆன ஒரு சிஸ்டருக்கு இந்த ஐந்திலும் மதிப்பெண் ஏறத்தான் செய்யும், மனசு தெளிவாக இருந்தாலும். நைட் டூட்டிக்காரர்களுக்கு தூக்கக் கேள்வியில் எப்படியும் ஏறும். ‘உங்களுக்குக் கொரோனா வந்ததா, எப்போது? இந்த இரண்டு வாரம் நைட் டூட்டியா?’ என்று இரண்டே இரண்டு கேள்வி சேர்த்திருந்தால் பிரித்துப் பார்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எங்கள் ஸ்டாட்டிஸ்டிஷியன் சார், “கார்டிசால் ரத்தப் பரிசோதனை எடுத்துட்டா சயின்டிஃபிக்கா இருக்கும்லா” என்று ஒரு யோசனை சொன்னார். அதிலாவது தப்பித்தேன். கார்டிசால் மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்தான், ஆனால் அது காலையில் உச்சத்தில் இருந்து ராத்திரிக்குள் இறங்கும், ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்கு அந்தத் தாளமே குழம்பியிருக்கும், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு உடம்பு சுரப்பதே குறைந்திருக்கும். ரத்தம் எடுத்தால்தான் விஞ்ஞானம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. மே 13 இரவு. நான் காலை ஆறு மணிக்குத்தான் பார்த்தேன், பதில் வந்த நேரம் 1:40. வரிசை எண் 87. பி.எச்.க்யூ.-9-இன் கடைசிக் கேள்வி, உயிரோடு இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்கும். 87 அதற்கு 3 போட்டிருந்தார். 3 என்றால் ஏறக்குறைய தினமும். நான் பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை, மின்னஞ்சல் சேகரிப்பதையும் நிறுத்திவைத்திருந்தேன். ‘உங்கள் அடையாளம் யாருக்கும் தெரியாது’ என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன், அதில் ஒரு பெருமை வேறு. பதினோரு குரூப்பில் எந்தக் குரூப், எந்த மருத்துவமனை என்றுகூடத் தெரியாது. ஆணா பெண்ணா, வயது என்ன என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒரு மனுஷி (பெண் என்றுதான் குறித்திருந்தார், வயது 26) நடுராத்திரியில் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், நான் அவளுக்கு ‘தங்கள் பதிலுக்கு நன்றி’ என்று காட்டியிருக்கிறேன்.

கைடு மேடத்துக்கு அப்போது பாசிட்டிவ், போனை எடுக்கவில்லை. எத்திக்ஸ் கமிட்டி எண் அலுவலக எண், ஊரடங்கில் யார் எடுப்பார்கள். ஹாஸ்டல் மூடி வீட்டுக்கு வந்திருந்தேன், பக்கத்தில் பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை. பதினோரு குரூப்பிலும் ஒரு செய்தி போட்டேன். யாரையும் சுட்டாமல், ‘இந்த ஃபார்மை நிரப்பினவர்கள் யாருக்காவது பேச வேண்டும் போல இருந்தால் எந்த நேரமும் என்னைக் கூப்பிடலாம், அரசின் 104 உதவி எண்ணையும் கூப்பிடலாம்’ என்று. அன்றைக்கும் மறுநாளும் நாலு பேர் கூப்பிட்டார்கள். நாலு பேருமே அழுதார்கள். அவர்களில் 87 இருந்தாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. ஒரு வாரம் செய்தித்தாளில் நர்ஸ் என்ற சொல்லைப் பார்த்தாலே வயிறு பிசையும்.

ஆகவே, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒருவர் ‘ஆம்’ என்று சொன்னால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதிவைக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். ஆய்வுக்கு மட்டும் என்றால் ஒன்பதாவது கேள்வி இல்லாத பி.எச்.க்யூ.-8 என்றே ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால் ஆன்லைனில் விடாமல் நேரில் கேளுங்கள். ஆன்லைனில் விட்டால், 0 தவிர எதை அழுத்தினாலும் உடனே உதவி எண் வருகிற மாதிரி அமைக்கலாம், கூகுள் ஃபார்மிலேயே பதிலைப் பொறுத்து வேறு பக்கத்துக்கு அனுப்ப முடியும். எனக்கு அது அப்போது தெரியாது. ‘விரும்பினால் எண் தரலாம், நான் கூப்பிடுகிறேன்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். இப்போது மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். அது 2022 அக்டோபரில்தான் வந்தது.

ஜூனில் மேடம் தேறி வந்ததும், நர்சுகள் மட்டும் போதாது, தூய்மைப் பணியாளர்களையும் சேர் என்றார். எத்திக்ஸில் திருத்தம் வாங்கி, ஒரு அரசு மருத்துவமனையில் அனுமதி வாங்கி, நாற்பது பேரிடம் போனில் கேட்டேன். மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது கூப்பிடுவேன். என் டெசர்டேஷனில் உருப்படியான பகுதி என்றால் அதுதான். கேள்வித்தாள் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பதைப் புரியவைத்ததும் அவர்கள்தான். ‘எதிர்பாராத ஒன்று நடந்ததால் எத்தனை முறை கலங்கிப்போனீர்கள்?’ என்று முதல் கேள்வி. ஒரு அக்கா, “எதிர்பாத்தது எது தாயி நடந்துச்சு?” என்றார். ‘வாழ்க்கையில் முக்கியமானவை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று எத்தனை முறை தோன்றியது?’ “கொரோனாவுக்கு முந்தி மட்டும் என் கட்டுப்பாட்டுல என்ன இருந்துச்சு? சம்பளம் காண்ட்ராக்ட்காரன் கையில, வூட்டுக்காரரு குடி கையில.” எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த அக்காவுக்கு 30-க்கு மேல் வந்தது. அதைக் கொரோனா கணக்கில் எழுதுவதா? 2019-இல் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? முந்தைய அளவு கையில் இல்லாமல் ‘கொரோனாவால்’ என்று ஒரு சொல்கூட எழுத முடியாது. ‘கொரோனா காலத்தில்’ என்று மட்டுமே எழுதலாம். பக்கம் பக்கமாக நான் எழுதியிருந்த ‘ஆல்’களை எல்லாம் பிறகு ‘காலத்தில்’ ஆக்கினேன்.

பல பேருக்கு நோயைவிடப் பெரிய கவலை பஸ் இல்லாததுதான். ஒருவர் தினம் ஆறு கிலோமீட்டர் நடந்து வந்தார், வழியில் போலீஸ் நிறுத்தினால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அட்டையோ மேஸ்திரியிடம் இருந்தது. இதைக் கேட்பதற்கு என் டூலில் ஒரு கேள்வியும் கிடையாது. கடைசியில் ‘வேறு என்ன கஷ்டம், சொல்லுங்கள்’ என்று ஒரே ஒரு திறந்த கேள்வி வைத்தேன். எழுதி முடிக்கக் கை வலித்தது, ஆனாலும் சொல்கிறேன், அதை வையுங்கள்.

பதில் தேர்வுகளும் போனில் நிற்கவில்லை. ‘அநேகமாக இல்லை’க்கும் ‘சில நேரங்களில்’க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஒரு பாட்டி தானாகவே, “முக்காவாசி நேரம் அப்படித்தான்” என்றார். பிடித்துக்கொண்டேன். இல்லவே இல்லை, கால்வாசி நேரம், பாதி நேரம், முக்கால்வாசி நேரம், எந்நேரமும். அதன் பிறகு ஒருவரும் தடுமாறவில்லை. மேடம் இதைக் கேட்டதும், “ஸ்கேலோட வார்த்தைய மாத்தினா அது அந்த ஸ்கேலே இல்ல, தெரியும்லா?” என்று ஏசினார். அவர் சொன்னது சரி. வெளிநாட்டு எண்களோடு ஒப்பிட முடியாமல் போய்விடும். இருந்தாலும் புரியாத தேர்வில் வந்த எண்ணைவிட இது எனக்கு உசத்தியாகத்தான் படுகிறது. மாற்றியதை ஒளிக்காமல் எழுதிவைத்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஸ்டாட்டிஸ்டிஷியனுக்கு 12,000 கொடுத்து முடிவு வாங்கினேன். நர்சுகள் 143 பேருக்கும் ‘மிதமான மன அழுத்தம்’. ஒருவர் பாக்கியில்லை. அட்டவணையும் வண்ணப்படமும் ஜோராக இருந்தன. 4,500 ரூபாய்க்கு பைண்டிங்கும் போட்டாயிற்று. பைண்டு ஆகி வந்த அன்று இரவு பழைய நோட்டைப் புரட்டியபோது ஒரு தாள் விழுந்தது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எனக்குப் போட்ட பி.எஸ்.எஸ்.

அந்த ஞாயிறு அம்மாவுக்கு ஆக்சிஜன் 91. அரசு மருத்துவமனை வாசலில் ஆட்டோவில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நின்றோம், பிறகு படுக்கை கிடைத்தது. ஒன்பது நாளில் நல்லபடியாக வந்துவிட்டாள். அன்றிரவு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, தூக்கம் வராமல், கையில் இருந்த கேள்வித்தாளை நிரப்பியிருக்கிறேன். கையால் கூட்டி ஓரத்தில் 33 என்று எழுதியிருந்தேன். எனக்கென்னவோ தோன்றி, அதே பதில்களை ஸ்டாட்டிஸ்டிஷியன் கொடுத்த எக்செலில் போட்டேன். 25 வந்தது. மிதம். அந்த இரவு மிதமாம்!

விஷயம் இதுதான். பி.எஸ்.எஸ்.-10-இல் 4, 5, 7, 8 ஆகிய நாலு கேள்விகள் நல்லதைப் பற்றியவை, நம்பிக்கையாக இருந்தீர்களா, சமாளித்தீர்களா என்று. அவற்றைத் திருப்பிப் போட வேண்டும்: 0 என்றால் 4, 1 என்றால் 3. விற்றவர் கொடுத்த ஸ்கோரிங் முறையில் அது இல்லை. ஸ்டாட்டிஸ்டிஷியன் அதைத்தான் பின்பற்றினார், நானும் சரிபார்க்கவில்லை. திருப்பாமல் கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உலகத்திலேயே நிம்மதியான ஆள் கெட்ட கேள்வி ஆறுக்கும் 0, நல்ல கேள்வி நாலுக்கும் 4 போடுவார்: 16. நொந்து நூலான ஆள் ஆறுக்கும் 4, நாலுக்கும் 0: 24. உண்மையில் அவர்கள் 0-வும் 40-ம். எல்லாரும் பின்பற்றும் எல்லைப்படி 14 முதல் 26 வரை மிதம். ஆகவே என் ஆய்வில் இன்னாருக்கு என்றில்லை, எல்லாருக்கும் மிதம்தான். (இந்த எல்லைகளே கோஹன் வைத்தவை அல்ல. இது நோய் கண்டறியும் கருவி இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே என்பது அவர் தரப்பு. அதையும் பிறகுதான் படித்தேன்.)

சரியாகத் திருப்பிய பிறகு இன்னொன்று தெரிந்தது. படிக்காமலே எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் 2-ஐயே அழுத்திக்கொண்டு போனவர்கள் 19 பேர். அவர்களுக்குத் திருப்பாமலும் 20, திருப்பினாலும் 20. ஒரே எண்ணையே எல்லாவற்றுக்கும் போட்டால், திருப்பிய பிறகு 0-க்கு 16, 1-க்கு 18, 3-க்கு 22, 4-க்கு 24. எந்த எண்ணாக இருந்தாலும் மிதத்தில்தான் போய் விழும்! நல்ல கேள்விக்கும் கெட்ட கேள்விக்கும் ஒரே பதில் போட்டவர்களைக் கண்ணால் தேடி எடுக்க வேண்டும், கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. ஆகவே ஸ்டாட்டிஸ்டிஷியனிடம் கொடுப்பதற்கு முன்னால் ஐந்து பேருடைய பதிலைக் கையால் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். திரும்ப ஓட்ட எனக்கு 7,000 ஆனது, அடுத்த தேர்வுக்குத் தள்ளியதற்குக் கல்லூரியில் 18,000.

டெசர்டேஷன் எதுவும் இல்லாமல், தன்னை மட்டும் பார்த்துக்கொள்ள இந்தக் கேள்வித்தாள்களை எடுக்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை நான் போட்டுப் பார்த்தேன்: 33, 29, 22. வெறும் 22-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, 33-இலிருந்து இறங்கிய 22 எனக்கு எவ்வளவோ சொன்னது. ஒரே டூலை, அது கேட்கும் கால அளவு விட்டு, உங்களோடு உங்களையே ஒப்பிடுங்கள். வாரத்துக்கு நாலு முறை போட்டுப் பார்த்தால் அதுவே ஒரு வியாதி. பி.எச்.க்யூ.-9-இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசிக் கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, 2022-இல் நடந்தது. இரண்டாம் முறை எழுதியதில் குறைபாடுகள் என்கிற பகுதியே ஆறு பக்கம். 87 பற்றி முக்கால் பக்கம். வெளியிலிருந்து வந்த எக்சாமினர் மேடம் வயதானவர், கொரோனாவில் ஒரு பெரிய வார்டுக்கு நர்சிங் சூப்பரின்டென்டாக இருந்தவராம். அந்த ஆறு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். எனக்குக் கை வேர்த்துக் கொட்டியது. தலை நிமிர்ந்து, “அந்த எட்டாவது கேள்விய கடைசியில தமிழ்ல எப்படித்தான் கேட்டே?” என்றார்.

“‘எல்லாத்தையும் ஒரு கைப்பிடிக்குள்ள வச்சுச் சமாளிச்சிட்டோம்னு எத்தன தடவ தோணுச்சு’ன்னு கேட்டேன் மேடம்.”

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “2021 மே மாசம் என்கிட்ட கேட்டிருந்தா பூஜ்யம்தான் சொல்லியிருப்பேன்” என்றார்.

“பூஜ்யம் இல்ல மேடம்,” என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. “திருப்பிப் போடணும். நாலு.”